இரண்டாவது இரவு: செட்டிநாட்டு ஊர்கள் கூடிச் சுற்றுலா நடத்துவது எப்படி

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு இன்னோவா வரும். காரைக்குடியில் இலைச் சாப்பாடு, கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில் நாலு போட்டோ, ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலை செய்த சிமெண்ட் தரைக்கல்) பட்டறையில் இருபது நிமிடம். இருட்டுவதற்குள் வண்டி மதுரையைத் தொட்டிருக்கும். செட்டிநாட்டுச் சுற்றுலாவின் சிக்கல் இந்த அரை நாள்தான். ஆள் வராமல் இல்லை, வந்தவர் நிற்பதில்லை.

ஒரு வீடு எவ்வளவு பெரியதானாலும் முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடிந்துவிடும். ஒரு விடுதி எவ்வளவு நல்லதானாலும் விருந்தாளியைப் பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார வைக்க முடியாது. ஆக, வண்டியை இரண்டு இரவு நிறுத்தும் வேலையைத் தனி ஒருவர் செய்ய வழியில்லை. ஐந்தாறு ஊர்கள், பத்துப் பதினைந்து வீடுகள், பட்டறைகள், சமையல்காரர்கள், டிரைவர்கள் எல்லோரும் ஒரே நேர அட்டவணைக்கு வந்தால்தான் நடக்கும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளலாம். நாலு பேர் வந்த வண்டி அரை நாளில் சாப்பாட்டுக்கு 1,400, வாட்ச்மேனுக்கு 200, கல், பலகாரம் என்று 600, மொத்தம் 2,200 ரூபாய் விட்டுப் போகும். ஒரு இரவு தங்கினால் இரண்டு அறைக்கு 7,000, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு 2,800, வீடு பார்க்க 1,200 என 11,000. இதில் 9,800 விடுதிக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டாவது இரவும் தங்கினால் கூடுதலாக அறைக்கு 7,000, வெளியே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 4,200, பட்டறைப் பயிற்சிக்கு 1,600, கைடுக்கும் உள்ளூர் வண்டிக்கும் 2,000. அறை வாடகை போக 7,800 ரூபாய் விடுதிக்கு வெளியே, ஊருக்குள் இறங்குகிறது. கூட்டாகச் சேர வேண்டிய காரணம் இந்த 7,800. முதல் கூட்டத்தில் பாரம்பரியம், பெருமை என்றெல்லாம் பேசாமல் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

எல்லையைச் சுருக்குங்கள்

செட்டிநாட்டில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. அத்தனையையும் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் இரண்டாம் கூட்டத்துக்கே ஆள் வராது. ஒரு மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் ஐந்து அல்லது ஆறு ஊர் போதும். கானாடுகாத்தானை நடுவில் வைத்தால் பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, கோட்டையூர், காரைக்குடி எல்லாம் கைக்கெட்டும் தூரம். திருமயம் கோட்டை, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி மூன்றையும் போய்வரும் இடங்களாக மட்டும் வையுங்கள், உறுப்பினர் ஊராக வேண்டாம். கோயிலுக்கு வரும் கூட்டம் வேறு, அதன் நிர்வாகம் வேறு. கலந்தால் இரண்டும் கெடும்.

அடுத்த ஒரு வாரம் கணக்கெடுப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு தாள். சாவி யாரிடம், பங்காளிகள் எத்தனை பேர், முடிவெடுக்கும் நபர் எந்த ஊரில் அல்லது நாட்டில், எந்தெந்தக் கட்டு (முற்றத்தை ஒட்டிய வீட்டுப் பகுதி) திறக்கலாம், மாடி உறுதியா, கழிப்பறை உண்டா, பஸ் திரும்ப இடம் உண்டா, படைப்பும் (முன்னோருக்குப் படையல் இடும் குடும்பச் சடங்கு) கல்யாணமும் எந்த மாதங்களில். இந்தத் தாளில் பாதிக்கு மேல் காலியாகவே திரும்பி வரும். சாவி வைத்திருப்பவருக்கு உரிமையாளரின் போன் நம்பர் தெரியாது, நம்பர் தெரிந்தவருக்கு மற்றப் பங்காளிகளைத் தெரியாது. அந்தக் காலி இடங்களை நிரப்புவதுதான் முதல் மூன்று மாத வேலை.

பங்காளி கையெழுத்து

மற்ற ஊர்ச் சுற்றுலாக் கையேடுகளில் இல்லாத அத்தியாயம் இது. செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரே உரிமையாளர் இருப்பது அபூர்வம். தாத்தா கட்டிய வீடு பேரன்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரிந்து முப்பது, நாற்பது பங்காக நிற்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், இருவருக்குள் பேச்சே இருக்காது. ஒரு பங்காளி சரி என்றதும் கதவைத் திறந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் மூடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எல்லோர் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்குவதை எளிதாக்க மூன்று விஷயம் உதவும்.

ஒன்று, வீட்டைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். “வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, முகப்பும் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) மட்டும்” என்று எழுதினால் பங்காளிகளின் பயம் பாதி குறையும். இரண்டாம் கட்டு, சாமி அறை, சாமான் அறை எதுவும் இதில் கிடையாது என்று அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.

இரண்டு, வாடகை ஒப்பந்தமாக வேண்டாம். பார்வைக்கு அனுமதி தரும் ஒப்பந்தமாகப் பதினொரு மாதத்துக்கு எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் பதினொரு மாதம் என்ற வழக்கமே வந்தது. அதைவிட முக்கியம், குத்தகை என்ற சொல்லைப் பார்த்ததும் பெரியவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மூன்று, வருமானத்தைப் பங்கு பிரிக்க முயலாதீர்கள். நாற்பது பங்காக்கினால் ஆளுக்கு நூறு ரூபாய் வரும், அந்த நூறுக்கு நானூறு ரூபாய்ச் சண்டையும் வரும். வீட்டுப் பங்கு முழுவதும் அந்த வீட்டின் பராமரிப்புக் கணக்கில் சேரட்டும். ஓடு மாற்றியது, கறையான் மருந்து அடித்தது, வளவின் தகரத் தூம்பு சரிசெய்தது என்று மாதா மாதம் பில்லும் போட்டோவும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் வரட்டும். வீடு கைவிடப்படவில்லை என்று தெரிந்தாலே வெளிநாட்டில் இருப்பவருக்கு நிம்மதி. பணத்தைவிட அதுதான் கையெழுத்து வாங்கித் தரும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி கட்டாயம்: ஒப்பந்தக் காலத்தில் தூண், நிலை, கதவு, கண்ணாடி எதையும் கழற்றி விற்பதில்லை. பர்மாத் தேக்குத் தூண் பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. தூண் போன வீட்டைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

திறப்பதற்கு முன் ஒரு கொத்தனாரும் ஒரு எலக்ட்ரீஷியனும் வீட்டைப் பார்க்க வேண்டும். மாடித் தளத்தின் மரச் சட்டங்களைக் கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள், அரை அங்குலம் எளிதாக இறங்கினால் உள்ளே கறையான். மாடிக்கு யாரையும் ஏற்ற வேண்டாம். மரப் பட்டைக்குள் ஓடும் பழைய வயரிங் இருந்தால் பார்வையாளர் பகுதிக்குத் தனி இணைப்பு இழுத்து 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் போடுங்கள். மழைக்காலத்தில் வளவுத் தரை ஈரமாக இருக்கும், வழவழப்பான பூக்கல்லில் வயதானவர்கள் வழுக்குவார்கள். நாலு சாக்கு மிதியடி போதும், ஆனால் போட மறந்துவிடுவார்கள்.

சங்கமும் 300 ரூபாய் டோக்கனும்

1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் ஒரு சங்கம் பதிய ஏழு பேர் போதும். அந்த ஏழு பேர் யார் என்பதில்தான் விஷயம். ஏழும் விடுதி முதலாளிகளாக இருந்தால் அது விடுதிச் சங்கம், ஊர்ச் சங்கம் அல்ல. வீட்டுக்காரர் இருவர், விடுதியிலிருந்து ஒருவர், கல் பட்டறை அல்லது கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுவோரிடமிருந்து ஒருவர், சமையல்காரர் ஒருவர், டிரைவர்கள் சார்பில் ஒருவர், கைடு ஒருவர் என்று வைத்தால் சமநிலை நிற்கும். ஊராட்சித் தலைவரை அழைப்பாளராக வையுங்கள், பொறுப்பாளராக வேண்டாம். தேர்தல் வந்தால் சங்கமும் இரண்டாகப் பிளக்கும்.

வீடு பார்க்கும் கட்டணத்தை ஒரே டோக்கனாக்குங்கள். ஒரு டோக்கனில் மூன்று வீடு. 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று வீடுகளின் பராமரிப்புக் கணக்குக்கு 120, சாவிக்காரர்களுக்கு 50, கைடுக்கு 60, கழிப்பறையும் துப்புரவும் 40, பொது நிதிக்கு 30.

சாவிக்காரரின் அந்த 50 ரூபாயைக் குறைக்க யாராவது கட்டாயம் முயல்வார்கள். விடாதீர்கள். இன்றைக்கு நிலைமை என்ன? பூட்டிய வீட்டு முன் வண்டி நின்றால் வாட்ச்மேன் தயங்கித் தயங்கி வருவார். “ஐயாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் தம்பி, அஞ்சே நிமிஷம்” என்று சொல்லிக் கதவைத் திறப்பார், நூறு ரூபாயை மடித்து வாங்கிக்கொள்வார். அவருடைய மாதச் சம்பளத்தை ஓரளவு தாங்கிப் பிடிப்பது அந்த நூறுதான். டோக்கன் முறை அதை ஒழித்தால் முதல் எதிரி அவரே, சாவி எப்போதும் “தேவகோட்டைக்குப் போயிருக்கும்”. முறைப்படி அவருக்குப் பங்கு கொடுத்து, பெயர் போட்ட அடையாள அட்டையும் கொடுத்தால் ஒளிந்து வாங்கியவர் நிமிர்ந்து வாங்குவார். வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கைடுக்கும் தெரியாது.

நேர அட்டவணைதான் புதுமை

புதுமை என்றதும் மொபைல் செயலி செய்யலாம், கண்ணில் மாட்டும் மெய்நிகர் கருவி வைக்கலாம் என்று ஒருவர் எழுந்திருப்பார். மரியாதையாக உட்கார வைத்துவிடுங்கள். இந்த வட்டாரத்துக்குத் தேவையான புதுமை ஒரே கூகுள் ஷீட். வரிசையில் வீடுகள், பத்தியில் நேரங்கள்: 9:00, 9:45, 10:30, 11:15, 12:00. ஒரு நேரத்துக்கு ஒரு வீட்டில் 12 பேர். மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 180 இடம். அதற்கு மேல் வந்தால் நாளை வரச் சொல்லுங்கள். நாளை வரச் சொல்வதே இரண்டாவது இரவுக்கு நல்ல விளம்பரம்.

ஷீட்டில் எழுதும் உரிமை ஒரு நாளைக்கு ஒருவருக்கு மட்டும். எல்லோரும் எழுதினால் சனிக்கிழமை ஒரே நேரத்துக்கு மூன்று வேன் வந்து நிற்கும். வாய்ஸ் மெசேஜில் வரும் பதிவை ஏற்காதீர்கள், எழுத்தில் பெயர், எண்ணிக்கை, வண்டி எண் வந்தால்தான் பதிவு. படைப்பு, கல்யாணம், துக்கம் மூன்றுக்கும் சிவப்பு நிறம். துக்கம் நேர்ந்தால் அரை மணியில் அந்த வீட்டை நீக்கி மாற்று வீடு போட வேண்டும், அதனால் மூன்று வீட்டு டோக்கனுக்கு நான்காவது ஒரு வீடு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ரயிலையும் இந்த அட்டவணையோடு சேருங்கள். சென்னையிலிருந்து பல்லவன் இரவில் காரைக்குடி வந்து சேர்கிறது, விடிகாலையில் சென்னைக்குத் திரும்புகிறது. அதில் வந்து அதிலேயே போகிறவருக்கு ஒரு முழுப் பகல் வேண்டுமென்றால் இரண்டு இரவு தங்கியே ஆக வேண்டும்! இந்தப் பயணிக்காக நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: இரவு ஸ்டேஷனில் நிற்கும் வண்டி, அந்த நேரத்திலும் கிடைக்கும் சூடான இட்லி, விடிகாலை நாலரைக்கு எழுந்து வரும் ஆட்டோ. மூன்றாவதுதான் கஷ்டம். இருவரைப் பேசி வையுங்கள், ஒருவர் வராவிட்டால் மற்றவர்.

கையில் பிடிக்கும் வேலை: நாலு அங்குலக் கல்

பட்டறையை வேடிக்கை பார்க்க இருபது நிமிடம் போதும். தானே ஒரு கல் செய்ய இரண்டு மணி நேரம் ஆகும். இந்த வித்தியாசத்தை விற்கலாம். ஆனால் வழக்கமான எட்டு அங்குலக் கல் இரண்டு கிலோவை நெருங்கும், விமானப் பயணி தூக்க மாட்டார். போதாக்குறைக்கு அன்றே செய்த கல்லை அன்றே கொடுக்கவும் முடியாது, அது தண்ணீர்த் தொட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் கிடக்க வேண்டும். நாலு அங்குலச் சதுரம், ஒன்றரை சென்டிமீட்டர் கனம் என்று அச்சைச் சிறிதாக்கினால் எடை ஏறத்தாழ 330 கிராம். அட்டைப்பெட்டியோடு அரைக் கிலோ கூரியர் கட்டணத்துக்குள் அடங்கும். டீ கிளாஸ் வைக்கவும் ஆகும்.

செய்முறை இப்படி. விளிம்பு தேய்த்த கண்ணாடித் தகடு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. வெள்ளை சிமெண்டில் ஆக்சைடு நிறம் சேர்த்த குழம்பை அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் கரண்டியால் ஊற்ற வேண்டும். இந்த அளவுக்கு எல்லா நிறமும் சேர்த்து இரண்டு மேசைக்கரண்டிதான். அச்சை நேர் மேலே தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடும், புதியவர்கள் பத்தில் ஏழு பேர் இங்கேதான் சொதப்புவார்கள். குழம்பு மோர் மாதிரி இருந்தால் நிறம் கலக்கும், இட்லி மாவு மாதிரி இருந்தால் காற்றுக் குமிழி நின்று கல்லில் ஊசித் துளை விழும். தோசை மாவுப் பதம் என்று சொல்லிக் கொடுத்தால் எல்லோருக்கும் புரியும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, பிறகு கலவையை வைத்துக் கரணையால் சமன் செய்ய வேண்டும். உலர்ந்த தூவலைக் குறைத்தால் பின்பக்க ஈரம் முன்னுக்கு வந்து நிறத்தில் திட்டு விழும். ஒரு நாள் இறுக விட்டு, கண்ணாடியோடு தண்ணீரில் போட வேண்டும். கண்ணாடி விட்டுப் பிரியும்போதே பளபளப்பு வந்திருக்கும், பாலிஷ் எதுவும் கிடையாது.

ஒரு தடவைக்கு ஆறு பேர். சிமெண்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை கட்டாயம். பத்து வயதுக்குக் கீழே குழந்தைகள் நிறம் ஊற்றுவதோடு நிற்கட்டும். கல்லின் பின்பக்கம் ஈரத்திலேயே ஆணியால் பெயர் கீறச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து யார் கல் யாருக்கு என்று தெரியாது. கூரியர் முகவரியைப் பணம் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பட்டறைக்காரருக்கு இதில் நஷ்டமும் உண்டு. பயிற்சி நடக்கும் இரண்டு மணி நேரம் ஒரு கைவினைஞரின் உற்பத்தி நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் வழக்கமாகச் செய்யும் கல்லின் கூலியைக் கட்டணத்தில் முதலில் கழித்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். இதைச் செய்யாத பட்டறைகள் மூன்றாம் வாரம் “இன்னைக்கு முடியாதுங்க” என்று சொல்ல ஆரம்பிக்கும்.

கொட்டானுக்கும் இதே கணக்கு. பனையோலைக் கொட்டான் பின்னக் கற்றுக்கொடுக்கும் பெண்களுக்கு நேரக் கூலி, கொட்டானுக்கு விலை, இரண்டும் தனித்தனி. செட்டிநாடு கொட்டான் 2013-லும் காரைக்குடி கண்டாங்கிச் சேலை 2019-லும் புவிசார் குறியீடு பெற்றவை, அந்தச் சீட்டை விற்குமிடத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். வெளியூர் மெஷின் சேலையைக் கண்டாங்கி என்று ஒரு கடை விற்றாலும் பழி மொத்த வட்டாரத்துக்கும் வரும்.

சாயங்காலம் என்ன செய்வது

இரண்டாவது இரவு தங்குவாரா மாட்டாரா என்பது மாலை ஐந்திலிருந்து எட்டு வரை தீர்மானமாகும். அந்த நேரத்தில் ஊர் இருட்டிக் கிடந்தால் விருந்தாளி அறையில் படுத்துக்கொண்டு மதுரைக்கு டாக்சி தேடுவார்.

வெள்ளைப் பணியாரம் நல்ல கருவி. ஒரு உழக்குப் பச்சரிசி, அதன் மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து. மூன்று மணிக்கு ஊற வைத்தால் ஐந்தரைக்கு ஆட்டலாம், புளிக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி ஊற்றி, எண்ணெயில் அது தானாக எழும்பி வரும்வரை பொறுத்து, திருப்பி எடுத்து மிளகாய்ச் சட்னியோடு கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றிப் பார்க்கலாம், ஆறு பேருக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். முற்றத்தில் நடக்கட்டும், அடுப்படிக்குள் வேண்டாம். ஆச்சிமார் தங்கள் அடுப்படியில் அந்நியர் நுழைவதை விரும்புவதில்லை. கேட்டால் முகத்துக்காகச் சரி என்பார்கள், மறுவாரம் அழைப்பை எடுக்க மாட்டார்கள்.

இலைச் சாப்பாட்டுக்கு 24 மணி நேர முன்பதிவு என்று கண்டிப்பாக இருங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்: கவுனி அரிசி இரவெல்லாம் ஊற வேண்டும், கோழி காலையில்தான் வரும். காரணம் தெரிந்த விருந்தாளி கோபிப்பதில்லை. காரம் குறைக்கச் சொல்பவருக்குத் தனிச் சமையல் வேண்டாம், இனிப்பான கும்மாயமும் பால் பணியாரமும் இலையில் கூடுதலாக வையுங்கள், போதும்.

குளிர்காலத்தில் விடியற்காலைக்கு வேட்டங்குடி இருக்கிறது. மேலூர்–திருப்பத்தூர் சாலைக்குப் பக்கத்தில், 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். பறவைகள் கலையக் கூடாதென்று அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர் கூடி எடுத்த முடிவு எத்தனை தலைமுறை நிற்கும் என்பதற்கு உங்கள் உறுப்பினர்களுக்கே காட்ட வேண்டிய இடம். கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துவிட்டு வண்டி அனுப்புங்கள். வறண்ட கண்மாயைப் பார்க்க நாலரை மணிக்கு எழுப்பினால் வாய்க்கு வந்தபடி விமர்சனம் எழுதுவார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

விடுதியும் விவசாயியும்

கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் 2008-இல் குமரகத்தில் தொடங்கியபோது, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவிக்கும் காய்கறியை விடுதிகள் வாங்க ஏற்பாடானது. விலைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு என்று வைத்த பிறகுதான் அது ஓடியது. இங்கேயும் அதையே செய்யலாம், சிறிய அளவில். சனிக்கிழமை மாலைக்குள் விடுதிகள் அடுத்த வாரத் தேவையைத் தரட்டும்: வாழை இலை எத்தனை, கத்தரி எத்தனை கிலோ, நாட்டுக்கோழி எத்தனை. ஞாயிறன்று காரைக்குடிச் சந்தை விலையைப் பார்த்து வாரம் முழுதுக்கும் ஒரே விலை. ஏழு நாளில் பணம். விடுதி பணத்தை நாற்பது நாள் இழுத்தால் விவசாயி போய்விடுவார், விவசாயி இரண்டு முறை சரக்கு தராவிட்டால் விடுதி போய்விடும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவது ஆள் ஒருவரை வையுங்கள். முதலில் இலையும் பாலும் கீரையும் மட்டும், மூன்று மாதம் தடங்கலில்லாமல் ஓடிய பிறகு மற்றவை.

கமிஷன்

இதை எழுதாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண். வெளியூர் டிரைவர் எந்தக் கடை அதிகக் கமிஷன் தருகிறதோ அங்கேதான் வண்டியை நிறுத்துவார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவர் சம்பளம் அப்படி. உங்கள் வட்டத்தில் டிரைவருக்கு நிலையான ஏற்பாடு இருக்கட்டும்: இலவசச் சாப்பாடு, மின்விசிறியோடு படுக்க ஒரு அறை, குளிக்கத் தண்ணீர், இரண்டாவது இரவு தங்கினால் இத்தனை ரூபாய் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரே தொகை. பழம்பொருள் கடைக்கான கமிஷனைவிட அந்தத் தொகை குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் நல்ல தூக்கத்துக்காகவே பலர் இங்கே நிறுத்துவார்கள்.

பழம்பொருள் வாங்கும் வெளிநாட்டவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை, கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு. பழம்பொருள் அல்ல என்ற சான்று இல்லாமல் விமான நிலையத்தில் சிக்கினால் அவர் திட்டப்போவது கடைக்காரரை அல்ல, செட்டிநாட்டை.

வேறு சில கட்டாயங்கள். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியே குடியேற்றத் துறைக்குத் தகவல் தர வேண்டும், வீட்டில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு விட்டாலும் இது பொருந்தும். சமைத்துக் கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். விளம்பரத்தில் “யுனெஸ்கோ பாரம்பரியத் தலம்” என்று போடாதீர்கள். செட்டிநாடு 2014-இல் உத்தேசப் பட்டியலில்தான் சேர்ந்தது, அது வேறு, அங்கீகாரம் வேறு. விவரம் தெரிந்த பயணி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார்.

ஊருக்கு ஒரு கழிப்பறை. பழைய வீடுகளில் அது கொல்லைக் கடைசியில் இருக்கும், விருந்தாளியை மூன்று கட்டும் தாண்டி அழைத்துப் போக முடியாது. ஒரு வீட்டின் பக்கவாட்டு வாசலில் இரண்டு அறை கட்டி, துப்புரவு செய்யும் பெண்ணுக்கு டோக்கன் நிதியிலிருந்து மாதச் சம்பளம் கொடுங்கள். பார்வையாளர் தரும் சில்லறையை நம்பி விட்டால் இரண்டு மாதத்தில் பூட்டு தொங்கும்.

கணக்கு நோட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். வண்டி எண்ணுக்கு எதிரே எத்தனை இரவு, வெளியே எத்தனை வேளை சாப்பிட்டார்கள், எந்தப் பயிற்சி எடுத்தார்கள் என்ற மூன்று பத்தி போதும். மாதக் கடைசியில் மொத்த இரவுகளை வண்டிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒன்றுக்குக் கீழே இருந்தால் வருகிறவர்களில் பலர் இன்னும் அரை நாள்காரர்கள். ஒன்றரையைத் தொட்டால் அட்டவணை வேலை செய்கிறது. ஆள் கூடி இந்த எண் இறங்கினால் டோக்கனைப் பேருந்துக் கூட்டத்துக்கு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள், பன்னிரண்டு பேர் வரம்பை யாரோ மீறியிருப்பார்கள்.

பங்குனி முடிந்ததும் வெயில் ஏறும், வெளிநாட்டுப் பயணிகள் குறைவார்கள். சித்திரையிலிருந்து ஆனி வரை வீடுகளை வாரம் இரண்டு நாள் மட்டும் திறந்து, பராமரிப்புக் கணக்கில் சேர்ந்ததை எடுத்து ஓடு பிரித்து மேயுங்கள். நாட்டு ஓடு மேயத் தெரிந்தவர்கள் குறைவு, தை மாதமே அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும்.